யார் இந்த மேற்படி?

நம் துறையில் பயிற்சிக்கு வந்திருக்கும் உங்கள் அறைச் சுவரில் ஒரு பெரிய படம் ஒட்டியிருக்கிறது. களிமண் பலகையில் கீறிய எழுத்தில் ஆரம்பித்து, கல்வெட்டு, ஓலைச்சுவடி, காகிதம், அச்சு, தந்தி, தட்டச்சு, கம்ப்யூட்டர், கைபேசி என்று போகிறது. ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் ஒரு அம்புக்குறி. எல்லா அம்பும் மேல் நோக்கித்தான். போன மாதம் அந்தப் படத்துக்குக் கீழே என்னை நிறுத்தி, தகவல் தொழில்நுட்பத்தின் வரலாற்றைக் கால் மணி நேரத்தில் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். நீங்களும் கைதட்டினீர்கள், பாதிப் பேர் கைபேசியைக் கீழே வைக்காமலே.

அன்றைக்குச் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. மைக்கைப் பிடித்துக்கொண்டு சொல்ல வெட்கமாக இருந்தது. எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை என்பதால் இப்போது எழுதுகிறேன். நாலாயிரமோ ஐயாயிரமோ வருடமாக மனிதர்கள் பாடுபட்டுச் சேர்த்த ஒரு வசதியை நான் ஒரே மத்தியானத்தில் கவிழ்த்த கதை இது.

நான் தமிழ்த் தட்டச்சராக வேலைக்கு வந்தவள். சேலத்திலிருந்து தினமும் முதல் பஸ்ஸில் ஏற்காட்டுக்கு ஏறி, கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸில் இறங்குவேன். நிலப் பதிவேடுகளை வைத்திருக்கிற அலுவலகம். எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள், இப்போது அது நல்ல அலுவலகம். கம்ப்யூட்டர் மலையேறி வந்த புதிதில், விசைப்பலகையைப் பார்த்துப் பயப்படாத ஆள் நான் ஒருத்திதான் இருந்தேன். அந்த ஒரே தகுதியில் என்னை அதன் முன்னால் உட்கார வைத்தார்கள். அதற்குப் பிறகு எல்லோரும் என்னிடம் கொஞ்சம் மரியாதையாகப் பேசினார்கள். எனக்கும் தலைக்கனம் வந்தது. இதை மறைப்பதில் பிரயோஜனமில்லை.

வேலை எளிது. ஒவ்வொரு ஊருக்கும் கையால் எழுதின பதிவேடு உண்டு. சர்வே எண், உடைமைக்காரர் பெயர், அவருடைய அப்பா பெயர், நிலத்தின் அளவு. அதைப் பார்த்து அப்படியே அடிக்க வேண்டும். கண்டது கண்டபடி அடிக்கணும், சொந்தப் புத்தியைக் காட்டக் கூடாது என்பது அதிகாரி போட்ட உத்தரவு. நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

பதிவேடுகளில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரே ஆளுக்கு அடுத்தடுத்து நாலு துண்டு நிலம் இருந்தால், முதல் வரியில் பெயரை எழுதிவிட்டு, மற்ற மூன்றுக்கும் "மேற்படி" என்று எழுதிவிடுவார்கள். மேலே சொன்ன ஆளேதான் என்று அர்த்தம். எழுதுகிறவருக்குக் கை வலி மிச்சம், படிக்கிறவருக்கும் குழப்பமில்லை. உங்கள் சுவர்ப் படத்தில் இல்லாத பெரிய கண்டுபிடிப்பு என்று நான் இதைச் சொல்வேன். களிமண்ணில் ஆட்டுக் கணக்குக் கீறியவனும் மூன்றாவது வரியிலேயே இதைத் தேடியிருப்பான்.

கண்டது கண்டபடி அடித்தேன். மேற்படி என்று இருந்த இடத்தில் எல்லாம் மேற்படி என்றே அடித்தேன்.

ரெக்கார்டு ரூமில் ஒரு எழுத்தர் இருந்தார். ஓய்வுபெற ஒரு வருடம்தான் பாக்கி. குளிருக்குத் தலையில் மப்ளர், காதில் ஒரு பேனா, பையில் இன்னொரு பேனா. அந்தப் பதிவேடுகளில் பாதி அவர் கையெழுத்து. நான் அடிப்பதைப் பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஒரு நாள் நிதானமாகக் கேட்டார்.

"ஏனுங்க அம்மிணி, நீங்க அடிக்கறது எல்லாஞ் சரிங்க. மேற்படின்னா, மேல இருக்கறது யாருன்னு அந்தப் பொட்டிக்குத் தெரியுங்களா?"

நான் சிரித்தேன். கம்ப்யூட்டருக்கு எல்லாம் தெரியும் என்று சொன்னேன். அவருக்குப் பொறாமை என்று நினைத்தேன். ரெக்கார்டு ரூமைக் காலி செய்து, குளிர்சாதனம் போட்டு, கம்ப்யூட்டரை அங்கே வைக்கப் போகிறார்கள் என்று அப்போதே பேச்சு. ஏற்காட்டில் குளிர்சாதனம் எதற்கு என்று அவர் ஒருத்தர்தான் கேட்டார். அதற்கும் சிரித்தேன்.

எல்லா ஊரும் அடித்து முடிந்ததும், சேலத்திலிருந்து ஒரு மேலதிகாரி பார்வையிட வந்தார். சர்வே எண் வரிசையில் ஒரு பட்டியலைத் திரையில் காட்டினேன். அவருக்கு அதில் சுவாரசியமில்லை. கம்ப்யூட்டர் என்றால் அகர வரிசையில் கொடுக்க வேண்டாமா என்றார். ஒரு விசையைத் தட்டினேன். மலை முழுக்க இருந்த உடைமைக்காரர்கள் அ-வில் ஆரம்பித்து வரிசையாக எழுந்து நின்றார்கள். எங்கள் அதிகாரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். மேலதிகாரி பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டே வந்து, ம-வில் நின்றுவிட்டார்.

"யாருங்க இந்த மேற்படி? எல்லா ஊர்லயும் இவருக்கு நெலம் இருக்குதே. நில உச்சவரம்புச் சட்டத்துல இவர எப்படி விட்டீங்க?"

அறையில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. அவர் கோபமாகவே கேட்டார். எங்கள் அதிகாரி வியர்த்துப்போய் விளக்கினார். அது ஆள் இல்லை, மேலே இருக்கிற பெயர்தான் என்றார். அப்படியானால் மேலே இருக்கிற பெயரை அங்கே போட்டுத் தொலைக்க வேண்டியதுதானே என்று சொல்லிவிட்டு மேலதிகாரி டீ குடிக்கப் போனார். அதிகாரி என்னைப் பார்த்தார். ஒரு நிமிஷ வேலை சார் என்றேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். அன்று நான் யோசிக்கவில்லை. திரையில் இருந்தது அகர வரிசை. மேற்படிகள் எல்லாம் தங்கள் ஊரை விட்டு, தங்கள் ஆளை விட்டு, ஒரே இடத்தில் கும்பலாக நின்றுகொண்டிருந்தன. அவற்றுக்கு நேர் மேலே இருந்த பெயர் மேகநாதன். பஸ் ஸ்டாண்டு பக்கம் பேக்கரி வைத்திருந்தவர். பேக்கரிக்குப் பின்னால் நாலு சென்ட் இடம், அவ்வளவுதான் அவருடைய சொத்து. மேலே இருக்கிற பெயரை அப்படியே கீழே இறக்கு என்று கட்டளை கொடுத்தேன். இறங்கியது. மறுபடி சர்வே எண் வரிசைக்கு மாற்றினேன். ஒரு மேற்படிகூடக் கண்ணில் படவில்லை. பட்டியல் அவ்வளவு சுத்தமாக இருந்தது.

எனக்கு ஒரு நல்ல பழக்கமும் இருந்தது. செய்த வேலையை அன்றன்றைக்கே மூன்று ஃப்ளாப்பியிலும் ஏற்றிவிடுவேன். மழைக்காலத்தில் ஃப்ளாப்பி பூஞ்சை பிடித்துவிடும் என்று பீரோவுக்குள் குண்டு பல்பு எரியவிட்டுப் பத்திரமாக வைத்திருந்தேன். பழையதை அழித்து, புதியதை மூன்றிலும் ஏற்றினேன். என் பிழைக்கு மூன்று பத்திரமான பிரதிகள் கிடைத்தன.

வேலை முழுமையாக முடிந்தது என்று அறிக்கை போனது. எங்கள் அதிகாரிக்குப் பாராட்டு வந்தது. நாலாம் நாள் காலையில் பழைய பதிவேடுகளைச் சாக்கில் கட்டி லாரியில் ஏற்றினார்கள். கீழே ஒரு காகித ஆலைக்குப் போய்க் கூழாகப் போகிறவை. எழுத்தர் ஒவ்வொரு சாக்குக்கும் தானே முடிச்சுப் போட்டார். பத்தரை மணிக்கு லாரி கிளம்பியது. அவர் போய்க் காலி அறையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

பதினோரு மணிக்கு வெள்ளச்சி வந்தார்.

செம்மநத்தத்துக்காரர். ஐம்பது வயது இருக்கும். புருஷன் சடையன் இறந்து ஆறு வருடம். இரண்டு துண்டு நிலம். ஒன்றில் சாமையும் நாலு பலாவும், இன்னொன்றில் காப்பியும் மிளகும் ஒரு ஊற்றும். அந்த ஊற்று உள்ள துண்டை ஒட்டி வெளியூர்க்காரர் ஒருவர் தங்கும் விடுதி கட்டிக்கொண்டிருந்தார். அவருடைய கம்பி வேலி தினம் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றைப் பார்த்து நடந்து வந்துகொண்டிருந்தது. மறுநாள் காலை சர்வேயர் அளக்க வருகிறார், இரண்டு துண்டுக்கும் நகல் வேண்டும் என்றார். ஊற்று போனால் காப்பி போச்சு, காப்பி போனால் நான் கூலிக்குத்தான் போகணும் என்று, புலம்பாமல், விலாசம் சொல்வதுபோலச் சொன்னார்.

புதிய மிஷினில் இரண்டே நிமிஷத்தில் அச்சடித்துக் கொடுத்தேன். பெருமையாகத்தான் கொடுத்தேன். அவர் ஜன்னலோரம் போய் வெளிச்சத்தில் காகிதத்தைப் பிடித்தார். விரலை வைத்து நகர்த்தினார். முதியோர் வகுப்பில் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. படிக்கத் தெரிந்தது இரண்டே பெயர்கள், தன்னுடையதும் புருஷனுடையதும். முன்னே மாதிரி கைநாட்டாகவே இருந்திருந்தால் காகிதத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டு போயிருப்பார். நானும் தப்பித்திருப்பேன்.

திரும்பி வந்தார். "கண்ணு, மொதல்ல இருக்கறது அவரு பேருதானுங்க. சடையன். ரெண்டாவதுல வேற யாரோ இருக்காப்புல இருக்குதே. இது என்னன்னு படிங்க சாமி."

படித்தேன். மேகநாதன்.

அந்தப் பெயரை வாய்விட்டுப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. பஸ் ஸ்டாண்டு பேக்கரிக்காரருக்குச் செம்மநத்தத்தில் ஏது ஊற்று? திரையில் வேறு ஊரைப் போட்டுப் பார்த்தேன். மேகநாதன். இன்னொரு ஊர். மேகநாதன். சேர்வராயன் கோயிலுக்குப் போகிற வழியில் இருக்கிற ஊர்களிலும் மேகநாதன். நாலு நாளாக அந்த மனிதர் இந்த மலைக்கே ஜமீன்தார். அவர் பாவம், அந்த நேரத்தில் பன்னுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்திருப்பார். எனக்குச் சிரிப்பு வந்தது பல வருடம் கழித்துத்தான்.

பீரோவைத் திறந்து மூன்று ஃப்ளாப்பியையும் போட்டுப் பார்த்தேன். மூன்றிலும் மேகநாதன். எந்த மேற்படி யாருடையது என்பது இப்போது உலகத்தில் ஒரே இடத்தில்தான் இருந்தது. அந்த இடம் கொண்டை ஊசி வளைவுகளில் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

என் முன்னால் மூன்று வழி இருந்தது. மிஷின் கோளாறு, நாளைக்கு வாங்க என்று வெள்ளச்சியை அனுப்பலாம். நாளைக்குள் வேலி ஊற்றைத் தாண்டிவிடும், ஆனால் என் பிழை யாருக்கும் தெரியாது. அல்லது அவர் வாய்ச்சொல்லை நம்பி இரண்டாவது வரியிலும் சடையன் என்று நானே அடித்துக் கொடுக்கலாம். யாரும் கேட்கப் போவதில்லை. ஒரு நிமிஷம் அதைத்தான் செய்யப் பார்த்தேன், விசைகூடத் தட்டிவிட்டேன். அப்புறம்தான் தோன்றியது, நாளைக்கு வேலிக்காரர் வந்து வேறொரு கதை சொன்னாலும் நான் இப்படித்தானே அடிப்பேன்? அடித்ததை அழித்தேன். மூன்றாவது வழி லாரியை நிறுத்துவது.

அதிகாரியின் அறை சாத்தியிருந்தது. உள்ளே ஆலோசனைக் கூட்டம். அவரிடம் அனுமதி கேட்டால் குறிப்பு எழுது என்பார். குறிப்பு எழுதி, அது மேசை மேசையாக நகர்ந்து வருவதற்குள் பதிவேடு நோட்டுப் புத்தகமாகி என் மகன் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிடும். தொலைபேசியை எடுத்து அடிவாரத்துச் சோதனைச் சாவடியைக் கூப்பிட்டேன்.

"யாருங்க பேசறது?" என்றார் அங்கிருந்தவர்.

என் பெயரைச் சொன்னால் அவர் லாரியை நிறுத்த மாட்டார். அதிகாரியின் பெயரைச் சொன்னால் பொய். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"மேலிருந்து பேசறேனுங்க. சாக்கு மூட்டையோட ஒரு லாரி வரும். அதை அங்கயே நிறுத்தி வைங்க."

"சரிங்க, சரிங்க," என்றார். குரலே மாறிவிட்டது. எழுந்து நின்றிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். மலைமேல் ஏற்காட்டிலிருந்து பேசுகிறேன் என்கிற அர்த்தத்தில்தான் நான் சொன்னேன். அவர் மேலிடத்திலிருந்து என்று எடுத்துக்கொண்டார். இவ்வளவு காலமாக நம்முடைய துறையில் எல்லா உத்தரவும் இப்படித்தான் வேலை செய்து வந்திருக்கிறது என்பது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. மேலே இருப்பது யார் என்று எழுத்தர் கேட்டாரே, அந்தச் சாவடிக்காரரும் அதைக் கேட்டிருக்கலாம். நல்லவேளை, கேட்கவில்லை.

அப்புறம்தான் கதவைத் தட்டிக்கொண்டு அதிகாரி முன் நின்றேன். கூட்டத்துக்கு வந்தவர்களை வெளியே அனுப்பும்வரை காத்திருக்கவில்லை. இருந்த எல்லோர் முன்னாலும் சொன்னேன், இல்லாவிட்டால் தைரியம் போய்விடும் என்று.

"நாந்தாங்க சார் தப்புப் பண்ணிட்டேன். மேற்படிக்கெல்லாம் பேரு மாறிப் போயிருச்சு. லாரிய நிறுத்தச் சொல்லிட்டேனுங்க."

அவர் திட்டுவார் என்று பார்த்தேன். "முடிஞ்சிருச்சுன்னு அறிக்கை போயிருச்சேம்மா," என்று மட்டும் சொன்னார். எனக்கு அவர்மேல் இரக்கமாக இருந்தது. பாராட்டுக் கடிதத்தைச் சட்டம் போட்டு மாட்ட ஆணிகூட அடித்திருந்தார். கடைசியில் காகிதத்தை எடுத்துத் தன் கையாலேயே உத்தரவு எழுதினார். "மேற்படி பதிவேடுகளை மறு உத்தரவு வரும்வரை அழிக்கக் கூடாது." எந்தப் பதிவேடுகள் என்று அந்தத் தாளில் மேலே எங்கும் இல்லை. அன்றைக்கு அதைச் சுட்டிக்காட்டுகிற நிலையில் நான் இல்லை.

லாரிக்காரர் மறுபடி மலையேற மாட்டேன் என்று சொல்லிவிட்டார். எழுத்தர் மப்ளரைச் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் கீழே போனார். எந்தச் சாக்கில் எந்த ஊர் என்று அவர் ஒருத்தருக்குத்தான் தெரியும், ஒவ்வொரு ஊருக்கும் வேறு வேறு மாதிரி முடிச்சுப் போட்டிருந்தார். அதை எங்கும் எழுதி வைக்கவில்லை. நாலு மணிக்குச் செம்மநத்தத்துப் பதிவேட்டைக் கைக்குழந்தையைப்போல இடுக்கிக்கொண்டு வந்தார். வெள்ளச்சி அதுவரை வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். ஐந்து மணிக்கு அவருக்குப் பஸ்.

பக்கத்தைத் திறந்தோம். ஊற்று உள்ள துண்டின் சர்வே எண் ஒரு பக்கத்தின் முதல் வரியில் இருந்தது. அதற்கு நேரே "மேற்படி". அதற்கு மேலே ஒன்றுமே இல்லை, வெறும் காகித விளிம்பு. எழுத்தர் முகம் சுண்டிப்போனது. பக்கம் மாறும்போது பெயரை முழுதாக எழுத வேண்டும் என்பது விதி. அந்தக் கையெழுத்து அவருடையது.

"நாந்தானுங்க," என்றார். "சோம்பேறித்தனமுங்க. அப்ப எனக்கு உங்க வயசு."

முந்தின பக்கத்தைத் திருப்பினார். கடைசி வரியில் சடையன். நடுவில் ஒரு பக்கம் கிழிந்து போகவில்லை என்பதற்கு என்ன சாட்சி என்று அதிகாரி கேட்டார். எழுத்தர் பதிவேட்டை விரித்து, நடுவில் ஓடிய நூலைக் காட்டினார். தையல் பிரியவில்லை, பக்க எண்ணும் தாவவில்லை. அதிகாரி விரலால் அந்த நூலைத் தடவிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பழைய கல்வெட்டுகளில் "இவ்வூர்" என்று வெட்டியிருப்பார்களாம். அந்தக் கல்லைப் பெயர்த்து வேறு ஊரில் நட்டால் என்ன ஆகும் என்று நான் இப்போதெல்லாம் யோசிப்பதுண்டு. எழுத்து மட்டும் போதாது, அது நின்ற இடமும் வேண்டும். அந்த இடத்தைப் பிடித்து வைத்திருந்தது நூல். உங்கள் படத்தில் நூலுக்கு ஒரு அம்புக்குறி போடலாம்.

ஐந்து மணி பஸ் கிளம்புவதற்குள் நகலைக் கொடுத்துவிட்டோம். மறுநாள் சர்வேயர் அளந்தார், வேலி வந்த வழியே திரும்பிப் போனது.

ஆனால் அன்று மாலை, நகலை வாங்கிக்கொண்டு வெள்ளச்சி விரல் வைத்து இரண்டு வரியையும் தேடினார். சடையன், சடையன். மறுபடி மேலிருந்து கீழே தேடினார்.

"இதுல என்ற பேரு எங்கீங்க கண்ணு?"

இல்லை என்றேன். எனக்கு அப்போது ஏற்பட்ட அவமானம் மேகநாதனைப் படித்தபோதுகூட ஏற்படவில்லை. மேற்படிக்கு உரியவர் யார் என்று ஒரு நாள் முழுக்க மலையையே இறக்கி ஏற்றியிருக்கிறோம். ஆறு வருடமாக அந்தக் காப்பியை வளர்த்தவருக்கு மேற்படி என்றுகூட ஒரு வரி இல்லை. உட்கார வைத்துப் பெயர் மாற்றத்துக்கு மனு எழுதினேன்.

அதற்கு உத்தரவு வர இரண்டு மாதம் ஆனது. அதற்குள் எல்லா ஊருக்கும் பதிவேட்டைத் திரும்பப் பார்த்து, ஒவ்வொரு மேற்படியையும் பெயராக மாற்றிக்கொண்டிருந்தோம். எழுத்தர் படிப்பார், நான் அடிப்பேன். வேலை அலுத்துப்போய்த்தான் இருந்தது. வெள்ளச்சி வந்து ஜன்னலில் நின்றபோது முதல் வரியில் அவர் பெயரை அடித்தேன்.

"ரெண்டாவதுலயும் முழுசா எழுதிப் போடுங்க சாமி," என்றார்.

முழுதாகவே அடித்து, அச்சடித்துக் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்து, எழுத்தெழுத்தாக முதல் வரியைப் படித்தார். பிறகு விரலைக் கீழே இறக்கி, முதல் எழுத்திலிருந்து இரண்டாவது வரியை ஆரம்பித்தார். பின்னால் வரிசை நீண்டுவிட்டது. யாரோ ஒருத்தர், அதே பேருதானுங்க ஆத்தா, ஒருக்காப் படிச்சாப் போதும் என்றார்.

வெள்ளச்சி விரலை எடுக்கவில்லை. "ரெண்டும் ஒண்ணுதானான்னு பாக்கோணுமில்லீங்க," என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து படித்தார்.